ஸ்பானிஷில் கடந்த காலத்தைச் சொல்வது: மொரிசியஸ் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

முதலில் எழுத்துமுறை. ஸ்பானிஷ் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்ற அசைகளைக் குறிலாகவும் எழுதியிருக்கிறோம். ஓரசைச் சொற்களில் மட்டும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற இடங்களில் ஒ, ஓ வேறுபாட்டைக் கண் தவறவிடக் கூடாது. “ஆப்லொ” என்றால் ‘பேசுகிறேன்’. “அப்லோ” என்றால் ‘அவர் பேசினார்’. ஸ்பானிஷ் எழுத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கடைசி எழுத்தின் மேல் வரும் ஒரு சாய்கோடுதான். சொல்லின் முதலில் வரும் எச் ஒலிக்காது. நாங்கள் ‘ஸ’ என்று எழுதிய சில இடங்களில் ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ‘த’ மாதிரிச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் ‘ஸ’தான்.

“இரண்டு வருஷத்துக்கு முன்” என்பதை எப்படிச் சொல்வது?

“ஆஸெ” என்ற சொல்லைப் போட்டு, அதன் பின் கால அளவைப் போடுங்கள். “ஆஸெ தோஸ் ஆஞொஸ்” என்றால் இரண்டு வருஷத்துக்கு முன். “யெகே ஆஸெ தோஸ் ஆஞொஸ்” என்றால் இரண்டு வருஷத்துக்கு முன் வந்து சேர்ந்தேன். காலத்தை முன்னால் கொண்டுவந்தால் நடுவில் “கெ” சேரும்: “ஆஸெ தோஸ் ஆஞொஸ் கெ யெகே”. இரண்டும் சரி. தொடங்குகிறவர்களுக்கு முதல் வடிவமே எளிது.

“ஆஸெ” என்பது ‘செய்’ என்ற வினையின் ஒருமை வடிவம். எத்தனை வருஷமானாலும் அது ஒருமையிலேயே நிற்கும். வருஷங்கள் பன்மையாயிற்றே என்று “ஆஸென்” போடாதீர்கள். ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிலும் சிலர் இந்தத் தவறைச் செய்வதுண்டு; தேர்வுத் தாளில் மதிப்பெண் போய்விடும்.

அன்றாடம் கைகொடுப்பவை மூன்று: “ஆஸெ உன் ராத்தொ” (கொஞ்ச நேரத்துக்கு முன்), “ஆஸெ போக்கொ” (சமீபத்தில்), “ஆஸெ மூச்சொ” (ரொம்ப நாளைக்கு முன்). லத்தீன் அமெரிக்காவில் “தோஸ் ஆஞொஸ் அத்ராஸ்” என்றும் கேட்பீர்கள், அதே பொருள்தான். “ஆஸெ”, “அத்ராஸ்” இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் ‘முன்னால் முன்பு’ என்பதுபோல் ஆகும். தவிர்த்துவிடுங்கள்.

பிரெஞ்சில் “இல் யா தெ ஸான்” என்கிறோம். அதை வைத்து “ஆய் தோஸ் ஆஞொஸ்” என்று எழுதினேன். ஏன் தவறு?

நம் தீவில் ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் பலர் விழும் முதல் குழி இது. பிரெஞ்சின் “இல் யா” இரண்டு வேலை செய்கிறது: ‘மேசையில் புத்தகம் இருக்கிறது’ என்பதற்கும் வரும், ‘இரண்டு வருஷத்துக்கு முன்’ என்பதற்கும் வரும். ஸ்பானிஷில் “ஆய்” முதல் வேலையை மட்டுமே செய்யும். “ஆய் தோஸ் ஆஞொஸ்” என்றால் ‘இரண்டு வருஷங்கள் இருக்கின்றன’ என்று ஆகும்.

பாலம் பிரெஞ்சிலேயே இன்னொரு இடத்தில் இருக்கிறது. “ஸா ஃபே தெ ஸான்” என்றும் சொல்வோம் அல்லவா? நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் “ஸா ஃபேர் லோன்தான்”. அங்கே இருப்பதும் ‘செய்’ என்ற வினைதான், “ஆஸெ”யும் அதுவேதான். “இல் யா” நாக்கில் வரும்போதெல்லாம் அதை மனதுக்குள் “ஸா ஃபே” ஆக்கிவிட்டு, பிறகு ஸ்பானிஷுக்குப் போங்கள்.

“இரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன்” என்பதற்கும் “ஆஸெ” போதுமா?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். ஒரு செயல் முடிந்துபோய் எவ்வளவு காலம் ஆயிற்று என்பது ஒன்று. இன்னும் நடந்துகொண்டிருக்கும் செயல் எவ்வளவு காலமாக நடக்கிறது என்பது வேறு. தமிழ் இதை உருபிலேயே பிரித்துவிடுகிறது: முடிந்ததற்கு ‘முன்’, தொடர்வதற்கு ‘ஆக’. ‘வருஷத்துக்கு முன் வந்தேன்’, ‘வருஷமாக இருக்கிறேன்’. இரண்டாவதில் வினை நிகழ்காலத்தில் இருப்பதைப் பாருங்கள். ஸ்பானிஷும் அப்படியே:

“வீவொ அக்கீ தேஸ்தெ ஆஸெ தோஸ் ஆஞொஸ்.”
“ஆஸெ தோஸ் ஆஞொஸ் கெ வீவொ அக்கீ.”

“வீவொ” என்பது ‘வசிக்கிறேன்’. இரண்டாவது வாக்கியத்தை மேலே பார்த்த “ஆஸெ தோஸ் ஆஞொஸ் கெ யெகே”யோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கம் ஒன்றுதான். ‘முன்’னா ‘ஆக’வா என்பதைக் கடைசியில் வரும் வினையின் காலம் மட்டும் தீர்மானிக்கிறது.

இங்கே நம்மைத் தடுமாற வைப்பது பள்ளியில் படித்த ஆங்கிலம். அங்கே தொடரும் செயலுக்கு ஒரு கூட்டுக் கடந்த காலம் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் மாணவர்கள் “எ விவீதொ” என்று எழுதிவிடுகிறார்கள். இந்த அமைப்பில் தொடங்குகிறவர் நிகழ்காலத்தையே பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. தமிழில் யோசித்தால் அது தானாகவே வரும்.

“தேஸ்தெ”க்கும் “தேஸ்தெ ஆஸெ”க்கும் என்ன வித்தியாசம்?

பிரெஞ்சின் “தெப்வீ” இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கிரியோலின் “தெப்பி”யும் அப்படியே. ஸ்பானிஷ் பிரிக்கும். தொடங்கிய புள்ளி தெரிந்தால் “தேஸ்தெ”: “தேஸ்தெ 2019”, “தேஸ்தெ எனேரொ” (ஜனவரி முதல்), “தேஸ்தெ எல் லூனெஸ்” (திங்கள் முதல்). கால அளவு என்றால் “தேஸ்தெ ஆஸெ”.

தமிழை வைத்தே சோதிக்கலாம். ‘முதல்’ போட முடிந்தால் “தேஸ்தெ”. ‘2019 முதல்’, ‘திங்கள் முதல்’ என்போம். ‘இரண்டு வருஷம் முதல் இருக்கிறேன்’ என்று எவரும் சொல்வதில்லை. அதனால் “தேஸ்தெ தோஸ் ஆஞொஸ்” தவறு. நடுவில் “ஆஸெ” வந்தே ஆக வேண்டும்.

‘அவரைப் பார்த்து மூன்று வருஷமாச்சு’ என்பதை அப்படியே மாற்றலாமா?

கவனம், இங்கே தமிழ் முழுதாகக் கைகொடுக்காது. நாம் எதிர்மறையே இல்லாமல் பேசிவிடுகிறோம். ஸ்பானிஷில் இதற்கு வழக்கமான வாக்கியம் எதிர்மறையோடும் நிகழ்காலத்தோடும் வரும்: “ஆஸெ த்ரேஸ் ஆஞொஸ் கெ நொ லொ வேயொ”, அதாவது ‘மூன்று வருஷமாக அவரைப் பார்க்கவில்லை’. “நொ”வை விட்டுவிட்டு “கெ லொ வேயொ” என்றால் பொருள் தலைகீழாகி, மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாகும். எதிர்மறை வேண்டாம் என்றால் வினையை முடிந்த காலத்துக்கு மாற்றுங்கள்: “லொ வீ ஆஸெ த்ரேஸ் ஆஞொஸ்” (மூன்று வருஷத்துக்கு முன் பார்த்தேன்).

ஹோட்டலில் ஸ்பானிஷ் விருந்தினர்கள் “யேவ” என்று ஏதோ கேட்கிறார்கள். அது என்ன?

‘எவ்வளவு காலமாக இங்கே வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள்: “குவாந்தொ தியேம்பொ யேவ உஸ்தேத் த்ரபஹாந்தொ அக்கீ?” நெருக்கமாகப் பேசுகிறவர் “யேவஸ்” என்பார். வினையின் அடிப்படைப் பொருள் ‘கொண்டுபோ’, ‘சும’. காலத்தோடு வரும்போது ‘இவ்வளவு காலமாக’ என்ற பொருள் தரும். “தேஸ்தெ ஆஸெ”யைவிடப் பேச்சில் அதிகம் காதில் விழுவது இதுதான், வாக்கியமும் சுருக்கம்.

“யேவொ குவாத்ரொ ஆஞொஸ் த்ரபஹாந்தொ அக்கீ” – நான்கு வருஷமாக இங்கே வேலை செய்கிறேன். வெறுமே “யேவொ குவாத்ரொ ஆஞொஸ்” என்றாலும் போதும். “தேஸ்தெ”யோ “ஆஸெ”யோ ‘இவ்வளவு காலம்’ என்று அளவு சொல்லும் “துராந்தெ”யோ எதுவும் சேர்க்க வேண்டாம்.

எதிர்மறைக்கு “ஸின்” போட்டு வினையின் மூல வடிவத்தை வையுங்கள். காவடி விரதத்தில் இருக்கும்போது யாராவது இறைச்சியை நீட்டினால், “யேவொ தியேஸ் தீயஸ் ஸின் கொமேர் கார்னெ” – பத்து நாளாக இறைச்சி சாப்பிடவில்லை.

பழங்கதை சொல்லும்போது இந்த வினை “யெவாப” என்று மாறும். முடிந்த காலமான “யெவே” இந்த அமைப்பில் வராது.

நேற்று, முந்தாநாள், போன வாரம்: இவற்றுக்கெல்லாம் என்ன சொற்கள்?

நேற்று “அயேர்”. நேற்றிரவு “அனோச்செ”, ஒரே சொல். முந்தாநாள் “அந்தெ-அயேர்”, ஸ்பெயினில் “ஆந்தெஸ் தெ அயேர்” என்றும் பிரித்துச் சொல்வார்கள். போன வாரம் “ல ஸெமான பஸாத”, போன மாதம் “எல் மேஸ் பஸாதொ”, போன வருஷம் “எல் ஆஞொ பஸாதொ”. வாரம் பெண்பால், மாதமும் வருஷமும் ஆண்பால். “பஸாத”, “பஸாதொ” அதைப் பின்பற்றும். “எல் ஓத்ரொ தீய” என்பது நம் ‘அன்றைக்கு ஒரு நாள்’.

பிரெஞ்சின் “தெர்னியே” நினைவில் இருப்பதால் “ல ஊல்திம ஸெமான” என்று எழுதத் தோன்றும். அது ஒரு வரிசையின் கடைசி வாரம்: விடுமுறையின் கடைசி வாரம், மாதத்தின் கடைசி வாரம். போன வாரத்துக்கு “பஸாத”தான்.

கிழமைக்கு முன் “என்” போடக் கூடாது. ‘திங்கட்கிழமை போனேன்’ என்பது “எல் லூனெஸ் ஃபுய்”. மாதத்துக்கும் வருஷத்துக்கும் “என்” உண்டு: “என் மார்ஸொ”, “என் 1968”. நேற்றுக் காலை ஸ்பெயினில் “அயேர் போர் ல மஞான”, லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் “அயேர் என் ல மஞான”. இன்னொன்று: ஸ்பெயின்காரர் காலையில் எழுந்து “ஏஸ்த நோச்செ எ தொர்மீதொ மால்” என்றால் குழம்ப வேண்டாம். இன்றிரவு என்று நாம் படித்த “ஏஸ்த நோச்செ” அங்கே விடிந்துபோன இரவையும் குறிக்கும். சரியாகத் தூங்கவில்லை என்கிறார்.

‘நேற்றுச் சந்தைக்குப் போனேன்’ என்பதற்கு “அயேர் எ ஈதொ அல் மெர்காதொ” என்று சொன்னேன், திருத்தினார்கள். பிரெஞ்சில் இப்படித்தானே சொல்வோம்?

ஆம், பிரெஞ்சுப் பேச்சில் முடிந்த செயலுக்கெல்லாம் “பாஸே கொம்போஸே” என்ற கூட்டுக் கடந்த காலம்தான். நேற்றானாலும் நூறு வருஷத்துக்கு முந்தியதானாலும் அதுவே வரும். ஸ்பானிஷில் அதே தோற்றமுள்ள “எ ஈதொ” இன்னும் முடியாத காலத்துக்கு உரியது: இன்று (“ஓய்”), இந்த வாரம் (“ஏஸ்த ஸெமான”), இந்த வருஷம் (“ஏஸ்தெ ஆஞொ”). நேற்று மூடிவிட்டது. மூடிய பெட்டிக்கு எளிய கடந்த காலம்: “அயேர் ஃபுய் அல் மெர்காதொ”.

காலச் சொல் வினையைத் தேர்ந்துகொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் பழகுவது சுலபம். ‘இந்த’ என்று பொருள்படும் “ஏஸ்தெ”, “ஏஸ்த” வந்தால் “எ கொமீதொ”. “பஸாதொ”, “அயேர்”, “ஆஸெ” வந்தால் “கொமீ”. இரண்டுமே ‘சாப்பிட்டேன்’தான். இது ஸ்பெயினின் பெரும்பகுதியில் நிலவும் வழக்கு. லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும், ஸ்பெயினிலேயே கனேரியத் தீவுகளிலும் கலிசியாவிலும், இன்று காலை நடந்ததற்கும் “கொமீ” என்றே சொல்வார்கள். உங்கள் பாடப்புத்தகம் எந்த வழக்கைப் பின்பற்றுகிறதோ அதையே கடைசிவரை பிடியுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலப்பதுதான் திருத்துகிறவர் கண்ணை உறுத்தும்.

காலச் சொல்லை விட்டுவிடாதீர்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. “அப்லாமொஸ்” என்பது ‘பேசுகிறோம்’, ‘பேசினோம்’ இரண்டும்தான். “விவீமொஸ்” அதேபோல் ‘வசிக்கிறோம்’, ‘வசித்தோம்’. பக்கத்தில் “அயேர்” இருந்தால்தான் எது என்று தெரியும்.

நீண்ட காலம் நடந்தது என்றால் “விவீய” வடிவம், சட்டென்று முடிந்தது என்றால் “விவீ” வடிவம் என்று படித்தேன். சரியா?

இந்த விதி பாதி உண்மை. பாதி உண்மையாக இருப்பதால்தான் ஆபத்து. காலம் நீளமா குட்டையா என்பது ஸ்பானிஷுக்கு முக்கியமில்லை. இரண்டு முனையும் தெரியும்படி அடைத்துச் சொல்கிறோமா என்பதுதான் கேள்வி.

நம் தீவின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். “தெ 1715 அ 1810 ல ஈஸ்ல ஃபுவே கொலோனிய ஃப்ரன்ஸேஸ” – 1715 முதல் 1810 வரை தீவு பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தது. தொண்ணூற்றைந்து வருஷம்! ஆனாலும் தொடக்கமும் முடிவும் சொல்லியாயிற்று. அதனால் “ஏர” அல்ல, “ஃபுவே”. அதே காலத்தின் உள்ளே நின்று, அப்போது நிலைமை எப்படி இருந்தது என்று விவரித்தால் வடிவம் மாறும்: “என் அகேய ஏப்பொக ல ஈஸ்ல ஸெ யமாப ஈஸ்ல தெ ஃப்ரான்ஸிய” – அந்தக் காலத்தில் தீவு பிரான்ஸ் தீவு என்று அழைக்கப்பட்டு வந்தது.

ரயிலையும் பாருங்கள். மொரிசியஸில் 1864 முதல் 1964 வரை ரயில் ஓடியது (பயணிகள் ரயில் 1956லேயே நின்றுவிட்டது). “எல் த்ரேன் ஃபுன்ஸியொனோ துராந்தெ ஸியேன் ஆஞொஸ்” – நூறு வருஷம் ஓடியது. “துராந்தெ” போட்டு அளவைச் சொன்னவுடன் காலம் அடைபட்டுவிடுகிறது. “ஆந்தெஸ் அபீய த்ரேன்” என்றால் ‘முன்பெல்லாம் ரயில் இருந்தது’, எல்லை இல்லை. “மி அபுவேலொ தொமாப எல் த்ரேன் தோதொஸ் லொஸ் தீயஸ்” – தாத்தா தினமும் ரயிலில் போவார். கடைசி வாக்கியத்தில் தமிழே ‘போனார்’ என்று சொல்லாமல் ‘போவார்’ என்று சொல்வதைக் கவனியுங்கள். கடந்த காலப் பழக்கத்துக்கு நாம் ‘-வார்’, ‘-ப்பார்’ போடும் இடத்தில் பெரும்பாலும் ஸ்பானிஷில் “-ஆப”, “-ஈய” வரும்.

பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி: “அம்பார்ஃபே” வரும் இடத்தில் அநேகமாக இந்த “-ஆப”, “-ஈய” வடிவம் பொருந்தும். கிரியோலின் “தி பே” அதில் ஒரு பகுதியைத்தான் காட்டும், நடந்துகொண்டிருந்ததை மட்டும்.

மூன்று வருஷம் ‘வசித்தேன்’ என்பதற்கு “துராந்தெ” கட்டாயமா? “பார” (‘-க்காக’) போடலாமா?

கட்டாயமில்லை. “விவீ த்ரேஸ் ஆஞொஸ் என் மத்ரீத்” என்று வெறுமே சொன்னாலே இயல்பாக இருக்கும். பிரெஞ்சின் “பாந்தான்” போல “துராந்தெ” சேர்க்கலாம். லத்தீன் அமெரிக்காவில் “போர்” கேட்பீர்கள். “பார” கூடாது.

‘மூன்று நாள் கழித்து’, ‘அப்போது இரண்டு வருஷமாக இருந்தேன்’ இவை?

‘கழித்து’ என்பதற்கு “த்ரேஸ் தீயஸ் தெஸ்புவேஸ்”, அல்லது “அ லொஸ் த்ரேஸ் தீயஸ்”. எழுத்து நடையில் “அல் காபொ தெ த்ரேஸ் தீயஸ்”. கடந்த காலத்தில் ஒரு புள்ளியில் நின்று பின்னோக்கிப் பார்த்தால் “ஆஸெ” என்பது “அஸீய” ஆகும், வினையும் கூடவே நகரும்: “அஸீய தோஸ் ஆஞொஸ் கெ விவீய அயீ” – அப்போது அங்கே வசிக்கத் தொடங்கி இரண்டு வருஷமாகியிருந்தது.

ஆண்டுகளையும் தேதிகளையும் எப்படி வாசிப்பது?

ஆங்கிலம் மாதிரி இரண்டிரண்டாக வெட்டக் கூடாது. தமிழில் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு’ என்கிற அதே வரிசை: “மில் நொவெஸியேந்தொஸ் ஸெஸேந்த இ ஓச்சொ”. “இ” என்ற ‘உம்’ பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் மட்டும் வரும். நூறுக்குப் பின் வராது. எழுதும்போது ஆண்டில் புள்ளியோ இடைவெளியோ இல்லை: 1968.

தேதியில் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் “தெ” கோக்கும். நம் சுதந்திர நாள் “எல் 12 தெ மார்ஸொ தெ 1968”. மாதப் பெயர் சிறிய எழுத்தில்தான். முதல் தேதியை ஸ்பெயினில் “எல் ஊனொ”, லத்தீன் அமெரிக்காவில் “எல் ப்ரிமேரொ” என்பார்கள். அடிமை முறை இங்கே ஒழிந்த நாளை இரண்டு விதமாகவும் வாசித்துப் பழகுங்கள்: 1835 பிப்ரவரி 1.

‘எண்பதுகளில்’, ‘பதினேழாம் நூற்றாண்டில்’?

தமிழில் ‘எண்பதுகள்’ என்று பன்மை போடுகிறோம். ஸ்பானிஷில் எண் மாறாது: “என் லொஸ் ஆஞொஸ் ஒச்சேந்த”. நூற்றாண்டை ரோமன் எண்ணில் எழுதி, சாதாரண எண்ணாக வாசிப்பார்கள்: “எல் தோதொ தெஸபரெஸியோ என் எல் ஸீக்லொ தியெஸிஸியேத்தெ” – டோடோ பறவை பதினேழாம் நூற்றாண்டில் மறைந்தது. தொடக்கத்தில் என்றால் “அ ப்ரின்ஸீப்பியொஸ் தெ”, நடுவில் “அ மெதியாதொஸ் தெ”, கடைசியில் “அ ஃபினாலெஸ் தெ”.

மேற்குறிகளைப் போடாவிட்டால் புரியாதா?

பல நேரம் புரியும், சில நேரம் சங்கடம். “ஆஞொ”வில் ஞ ஒலிக்கு என் எழுத்தின் மேல் அலைக்கோடு உண்டு. அதை விட்டால் “ஆனொ”, அதாவது ஆசனவாய். ‘எனக்கு இருபது வயது’ என்று எழுதப்போய் இது நேரக் கூடாது. உச்சரிப்பில் நமக்குச் சிரமமே இல்லை, ‘ஞாயிறு’வின் ஞதான். கைபேசி விசைப்பலகையில் ஸ்பானிஷைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது எழுத்தை அழுத்திப் பிடித்தால் குறிகள் மேலே வரும்.

“த்ரபஹே”, “கொமீ”, “அப்லோ” மூன்றுக்கும் கடைசியில் சாய்கோடு உண்டு. “ஃபுய்”, “ஃபுவே”, “வீ” போன்ற ஓரசைகளுக்கு இல்லை. பழைய அச்சுப் புத்தகங்களில் இவற்றின் மேலும் கோடு இருக்கும். அந்த வழக்கம் 1959 எழுத்துவிதிகளோடு போய்விட்டது. “தூவெ” (வைத்திருந்தேன்), “ஈஸெ” (செய்தேன்) போன்ற ஒழுங்கற்ற வினைகளிலும் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் கோடு கிடையாது.

எதிலிருந்து பயிற்சியைத் தொடங்குவது?

முதல் வாரம் “அயேர்”, “அனோச்செ” இரண்டை மட்டும் வைத்து, ‘நான்’ வடிவத்தில் தினம் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். அடுத்த வாரம் “ஆஸெ”. மூன்றாவது வாரம், எழுதிய ஒவ்வொரு ‘முன்’ வாக்கியத்துக்கும் எதிரே ஒரு ‘ஆக’ வாக்கியம்: ‘ஒரு வருஷத்துக்கு முன் ரோஸ் ஹில்லுக்கு வந்தேன்’, ‘ஒரு வருஷமாக ரோஸ் ஹில்லில் இருக்கிறேன்’. இந்த ஜோடிகளில் இருபது தேறிய பிறகு “-ஆப”, “-ஈய” வடிவங்களைத் தொடுங்கள். எழுதியதை உரக்க வாசிக்கும்போது கடைசி அசையில் அழுத்தம் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். “த்ரபாஹொ” என்று வாயில் வந்தால் இன்றைய வேலை. “த்ரபஹே” என்றால்தான் நேற்றைய வேலை.